கள்ளி உருகிய வருஷம்

“நாசமாப் போற கள்ளி!” என்று வாய்விட்டுத் திட்டினேன். கள்ளிக்கு அந்தப்பக்கத்திலிருந்து யாரோ சிரித்தார்கள்.

கல்யாணமாகி ஒரு மழைக்காலம்கூட முழுசாகக் கழியாத சமயம் அது. எருமப்பட்டிக்குக் கிழக்கே, ஊரைவிட்டு வெகுதூரம் தள்ளி, காட்டுக்கு நடுவில் எங்கள் மாமனாரின் சாளை வீடு. (எங்கள் சீமையில் மானாவாரி நிலத்துக்குத்தான் காடு என்று பெயர். புலி, கரடியெல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.) கவட்டைக் குச்சியால் கள்ளிப்பழம் பறித்தவள், அதை மண்ணில் உருட்டித் தேய்க்காமல் அப்படியே கையில் எடுத்துவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத சுணை விரலெல்லாம் ஏறிவிட்டது. சப்பாத்திக்கள்ளியின் பெரிய முள்ளை மன்னித்துவிடலாம். அந்தச் சுணையை மன்னிக்க முடியாது.

சிரித்த குரல் சொன்னது: “வெரலைத் தலைமயிருல தேயி புள்ள, வந்துரும்.”

தேய்த்தேன். வந்துவிட்டது.

“யாருங்க அது?”

“கத்தாத. நாந்தான், பாவாயி. உங்க பங்காளி ஊட்டு மருமவ. நாம பேசறது தெரிஞ்சா ரண்டு பேரு தோலையும் உரிச்சுப்போடுவாங்க.”

அப்படி ஒரு முள்வேலி வழியாகத்தான் எனக்கு அந்த ஊரில் சிநேகிதி கிடைத்தாள். அவள் முகத்தைப் பார்க்க வெகு காலம் ஆயிற்று. பார்த்த நாளோடு பேச்சு நின்றது. அது எப்படி என்று சொல்கிறேன்.

பேச ஆளில்லாத வீடு

என் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, “புகுந்த வீட்டைப் பற்றி மூச்சே விடவில்லையே” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். என்னத்தை விட? அந்த வீட்டில் மூச்சு விடும் சத்தம் ஒன்றுதான் கேட்கும்.

நான் புதுச்சத்திரத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் மகள். எங்கள் வீட்டில் வாய் ஓயாது. அப்பா பாடம் சொல்வார், அம்மா அண்டை வீட்டாரோடு வம்பளப்பாள், தம்பிகள் அடித்துக்கொள்வார்கள். நான் பஞ்சாங்கத்திலிருந்து மருந்து சுற்றி வந்த காகிதம் வரை எதையும் உரக்கப் படிப்பேன்.

அங்கிருந்து இங்கே வந்து விழுந்தேன். மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன்தான், ஆனால் பாரம் ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு வண்டி கட்டினால் திரும்ப நாளாகும். மிச்சம் இருந்தது மாமனார். “சோறு போடட்டுங்களா?” என்றால் “போடு” என்பார். அதோடு அன்றைய கச்சேரி முடிந்தது. அவருடைய காளைகளுக்காவது “ஹை”, “பா” என்று ரெண்டு வார்த்தை கூடுதலாகக் கிடைக்கும். எனக்கு அதுவும் இல்லை.

சில நாள் மத்தியானத்தில், என் குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க அடுப்பங்கரையில் நின்று என் பெயரை நானே சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள். தனியாக இருந்தவர்களுக்குத் தெரியும்.

பக்கத்துக் காடு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஆனால் கூப்பிடக் கூடாது. என் மாமனாரும் பாவாயியின் மாமனாரும் அண்ணன் தம்பி பிள்ளைகள். கிணற்றுத் தண்ணீர் முறையில் ஏதோ தகராறு வந்து, குலதெய்வத்தின் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தார்கள்: இனி ரெண்டு வீட்டுக்கும் பேச்சில்லை, நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்லை. அணைத்த சூடத்தை மீறினால் வம்சம் விளங்காது என்று மாமனார் நம்பினார்.

சண்டை போட்டவர்கள் கிழவர்கள். வாயைக் கட்டிக்கொள்ள வேண்டியது எங்கிருந்தோ வந்த ரெண்டு பெண்கள். நல்ல நியாயம்!

கள்ளிக்குள் ஒரு ஊர்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சப்பாத்திக்கள்ளி என்றால் பூந்தொட்டியில் ஒரு சாண் உயரத்துக்கு இருப்பது. அன்றைக்கு எங்கள் ரெண்டு காட்டுக்கும் நடுவில் இருந்தது ஆள் உயரத்துக்கு மேல். அகலம் ஒரு வண்டிப் பாதையைவிட அதிகம். மாடு நுழையாது, ஆடு நுழையாது, வெளிச்சமே யோசித்துத்தான் நுழையும்.

ஆனால் அதற்குள் ஒரு ஊரே இருந்தது. அடியில் ஆடு கடிக்காத புல் முழங்கால் உயரம் நிற்கும். புல்லைக் காலால் அசைத்தால் தத்துப்பூச்சி பொரிகிற மாதிரித் தெறிக்கும். மஞ்சள் பூவுக்குள் வண்டு புரளும். மடலுக்கு மடல் சிலந்தி வலை. இத்தனை பூச்சி இருக்கும் இடத்தில் குருவி இல்லாமல் போகுமா? தரையைக் கிளறிக்கொண்டு தவிட்டுக்குருவிகள் கூட்டமாகத் திரியும், சந்தையில் பங்கு பிரிக்கிற மாதிரிச் சண்டை போட்டுக்கொண்டே. மேல் மடலில் ரெட்டைவால் கரிச்சான் உட்கார்ந்து, காட்டுக்குள் பாய்ந்து ஒரு பூச்சியைக் கவ்விக்கொண்டு அதே மடலுக்குத் திரும்பும். உள்ளே எங்கோ செம்போத்து “கூப், கூப்” என்று பானைக்குள்ளிருந்து பேசுவது போலக் கத்தும்.

எங்கள் பேச்சுக்குக் காவல் அந்தத் தவிட்டுக்குருவிகள்தான். ஆள் நடமாட்டம் தெரிந்தால் முதலில் அவை கூச்சல் போடும். நாங்கள் கப்பென்று வாயை மூடிக்கொள்வோம். நான் சாணி தட்டுவது போல உட்கார்ந்துகொள்வேன். அவள் அந்தப்பக்கம் புல் அறுப்பாள்.

என்ன பேசினோம் என்கிறீர்களா? ஒன்றுமில்லாததைத்தான்.

“இன்னைக்கு என்ன புள்ள ஆக்குனே?”

“களியும் கொள்ளுப் பருப்பும்க்கா.”

“எங்கூட்லயும் அதேதான். பேசாம ஒரே அடுப்புல ஆக்கியிருக்கலாம்.”

அவளுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி வீட்டில் தினமும் குத்திக்காட்டுவார்கள். “மலட்டு மாட்டுக்குத் தீனி எதுக்குன்னு எங்க மாமன் கேக்குதுடி” என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள். எனக்குக் கையை நீட்டி அவளைத் தொட வேண்டும் போல இருந்தது. நடுவில் முள். அவள் சொல்லி முடித்த பிறகு நாங்கள் ரெண்டு பேரும் குருவிச் சண்டையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

வெள்ளைப் பூச்சி

அப்புறம் கள்ளியைத் தின்னும் பூச்சி வந்தது. கடல் தாண்டி, இலங்கையிலிருந்து அரசாங்கத்தார் கொண்டுவந்து விட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். பூச்சி பிடித்த மடலை வண்டி வண்டியாக ஊர் ஊருக்கு எடுத்துப் போனார்கள். என் வீட்டுக்காரர் நாமக்கல்லிலிருந்து ஒரு கூடை மடல் கொண்டுவந்தார். பஞ்சு ஒட்டிய மாதிரி வெள்ளை வெள்ளையாக அப்பியிருக்கும். நசுக்கினால் ரத்தச் சிவப்பு.

அவர் எங்கள் பக்கம் நாலு இடத்தில் வைத்தார். அதே வாரம் பாவாயியின் வீட்டுக்காரரும் அந்தப்பக்கம் வைத்தார். ஒரு தலைமுறையில் அந்த ரெண்டு குடும்பமும் சேர்ந்து ஒட்டுக்காகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். கள்ளிக்குள் பாம்பு குடியிருந்தது, நிலம் வீணாகக் கிடந்தது, மாட்டுக் காலில் முள் ஏறியது. அதெல்லாம் பொய்யில்லை. எனக்கும் சந்தோஷந்தான். பாவாயியின் முகத்தைப் பார்க்கலாமே!

“கள்ளி போனா நேர்ல பார்த்துக்கலாம்க்கா” என்றேன்.

“பார்த்துக்கலாம்” என்றாள், கொஞ்சம் பொறுத்து.

கள்ளி காயவில்லை, உருகியது. மடல் மடலாகத் தொய்ந்து, கொழகொழவென்று ஆகி, அழுகிய பூசணி நாற்றம் அடித்தது. ஈ மொய்த்தது. சில வாரம் குருவிகளுக்குக் கல்யாண விருந்து. எங்கெங்கிருந்தோ மைனாக்கள் வந்து இறங்கின. கொண்டலாத்தி கொண்டையை விரித்துக்கொண்டு அழுகலைக் குத்திக் குத்தித் தின்றது. பிறகு வெயில் ஏறியது. அழுகல் உலர்ந்து நார் ஆகி, அதையும் கொளுத்திவிட்டார்கள். அடியில் இருந்த புல்லை ஆடுகள் ஒட்ட மேய்ந்தன. விருந்துக்கு வந்த குருவிகளும் போயின, ஊர்க் குருவிகளும் போயின. செம்போத்து என்றைக்குப் போனது என்றே தெரியவில்லை.

சாம்பல் மேட்டுக்கு அப்பால் ஒரு பெண் நின்றிருந்தாள். குரலை வைத்து நான் நெட்டையாக, சிவப்பாக ஒருத்தியை நினைத்து வைத்திருந்தேன். இவள் குட்டை. அம்மைத் தழும்பு முகம். பெரிய மூக்குத்தி. என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

“அங்க என்னத்தைப் பாத்துட்டு நிக்கறே?” என்று கயிற்றுக் கட்டிலிலிருந்து மாமனார் குரல் கொடுத்தார். அந்தப்பக்கத்திலும் ஒரு கட்டில், ஒரு கிழவர். ரெண்டு கட்டிலிலிருந்தும் ரெண்டு காடும் இப்போது கடைசிவரை தெரிந்தது.

அன்றோடு சரி. ஒரு வார்த்தை பேச ஒதுங்க இடமில்லை. அவள் சாணி கொட்டப் போனால் பார்ப்பேன், தலை வாரினால் பார்ப்பேன், அடி வாங்கிக்கொண்டு வெளியே வந்து நின்றாலும் பார்ப்பேன். முன்பு பார்க்காமல் பேசினோம். பார்த்துக்கொண்டே பேசாமல் இருப்பது எவ்வளவு கொடுமை தெரியுமா? நான் அதுவரை தனிமை என்று நினைத்ததெல்லாம் ஒன்றுமே இல்லை.

நட்டவன் தோத்தான்

கள்ளி போன இடத்தில் கிளுவை நட்டிருக்கலாம். கிளைப் போத்தை வெட்டி ஊன்றினாலே வேர் விடும் முள்மரம், எங்கள் பக்கத்து வேலியெல்லாம் அதுதான். ஆனால் யார் நடுவது? கள்ளிக்கு நடுவில் எது எல்லை என்று ஒருவருக்கும் தெரியாது. நடுகிறவன் தன் பக்கம் ஒரு முழம் உள்ளே தள்ளித்தான் நட வேண்டும். நட்டுவிட்டால் அதுவே எல்லை, ஒரு முழம் போனது போனதுதான்.

“நட்டவன் தோத்தான்” என்றார் என் மாமனார். அங்கே பாவாயியின் மாமனாரும் அதையே சொல்லியிருப்பார். ஆகவே மொட்டை நிலம் மொட்டையாகவே கிடந்தது.

அந்த வருஷம் எனக்குப் பெண் பிறந்தாள். அவள் தவழ ஆரம்பித்த பருவத்தில்தான் நிலக்கடலையில் கம்பளிப்புழு விழுந்தது. முதல் மழைக்குப் பிறகு விளக்கைச் சுற்றி அந்துப்பூச்சி. கொஞ்ச நாளில் செம்மயிர் சிலிர்த்த புழு, பாத்தி பாத்தியாக. காதை வைத்தால் இலை அரிபடும் சத்தம் கேட்கும்.

கள்ளி போனதால்தான் புழு வந்தது என்று நான் சூடம் அணைத்துச் சொல்ல மாட்டேன். புழு அதற்கு முன்னும் வரும். வந்தால் தின்ன ஆள் இருந்தது. மற்றக் குருவிகள் மயிர்ப்புழுவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். செம்போத்து மட்டும் தரையில் தேய்த்துத் தேய்த்து விழுங்கும். தத்துப்பூச்சியையும் பச்சைப்புழுவையும் மற்றவை பார்த்துக்கொள்ளும். இப்போது உட்காரக் கிளை இல்லை, ஒளியப் புதர் இல்லை. எந்தக் குருவி வரும்?

சீமையெண்ணெய் ஊற்றிய தண்ணீர்ச் சட்டியோடு நாங்களே புழுப் பொறுக்கினோம். அந்தப்பக்கம் அவர்கள். குனிந்து குனிந்து நானும் பாவாயியும் கள்ளி இருந்த மேட்டில் எதிரெதிரே வந்துவிட்டோம். நிமிர்ந்தால் மூச்சுப் படும் தூரம். நிமிரவில்லை.

நான் புழுவில் கவனமாக இருந்த நேரத்தில் என் குழந்தை நிழலிலிருந்து தவழ்ந்து, மேட்டைத் தாண்டி, பாவாயியின் காலைப் பிடித்து எழுந்து நின்றுவிட்டாள். பாவாயி சட்டியைக் கீழே வைத்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். குழந்தையைத் தூக்கி, கழுத்துக்குக் கீழே அணைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கட்டிலிலிருந்து யாரோ இருமினார்கள். குழந்தையை எங்கள் பக்கத்து மண்ணில் மெல்ல உட்கார வைத்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

அதற்கப்புறம் என் குழந்தை நடக்கப் பழகியதை, விழுந்ததை, கோழியை விரட்டியதை எல்லாம் அவள் அந்தப்பக்கம் நின்று பார்ப்பாள். நானும் வேண்டுமென்றே குழந்தையை வாசலுக்கு அவிழ்த்து விடுவேன். பார்க்கட்டும் என்றுதான்.

மார்கழியில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. நாமக்கல்லுக்கு வண்டி கட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

பங்காளி வீட்டார் வரவில்லை. சத்தியம் இருக்கிறதே! பாவாயி மட்டும் அந்த மேட்டில் தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு பொழுது சாயும்வரை நின்றாள். உள்ளே இழுத்துப் போனார்கள். திரும்ப வந்து நின்றாள். என் வீட்டில் கூடி அழுத சொந்தபந்தம், உறம்பரைக் கூட்டத்தில் ஒருத்தருடைய முகமும் எனக்கு ஞாபகம் இல்லை. அவள் நின்றது ஞாபகம் இருக்கிறது.

கிணற்று மூலை

வேலி வேண்டும் என்று அப்போதுதான் எனக்கு வெறி பிடித்தது. அவளோடு ஒரே ஒரு தரம் பேச வேண்டும். பேசாவிட்டால் செத்துவிடுவேன் போல இருந்தது. இந்தக் காரணத்தை யாரிடம் சொல்ல முடியும்? சொல்லக்கூடிய காரணம் ஒன்று தேடினேன். அது எங்கள் காட்டிலேயே கிடைத்தது.

மறு வருஷமும் கடலையை மொட்டையடித்துவிட்டது புழு. கிணற்று மூலையில் மட்டும் இலை இருந்தது. அங்கே ஒரு பழைய வெள்வேல மரமும் அதைச் சுற்றிக் கொஞ்சம் புதரும் யாரும் வெட்டாமல் தப்பியிருந்தன. என் வீட்டுக்காரரை அங்கே கூட்டிப் போனேன்.

“ஏனுங்க, இங்க மட்டும் எப்படிங்க எலை இருக்குது?”

“கெணத்து ஈரம்.”

“ஈரம்னா வாய்க்கா ஓரத்துலயும் இருக்கோணுமே. அங்க குச்சிதானுங்க நிக்குது.”

அவர் புதரைக் காலால் தள்ளினார். பூச்சி தெறித்தது, மொட்டைக் காட்டில் இருப்பதைவிட அதிகமாக. “இங்கயும் பூச்சி கெடக்குதே” என்றார். சொல்லி வாய் மூடவில்லை, வேல மரத்துக் கிளையிலிருந்து கரிச்சான் ஒன்று பாய்ந்து ஒன்றைக் கவ்விக்கொண்டு போனது. புதருக்கு அடியில், நான் வெகு நாளாகப் பார்க்காத செம்போத்து, ஒரு மயிர்ப்புழுவை மண்ணில் தேய்த்துக்கொண்டிருந்தது.

“பூச்சியும் இருக்குது, திங்க ஆளும் இருக்குதுங்க” என்றேன்.

அவர் குனிந்து ஒரு கடலை இலையைத் திருப்பிப் பார்த்தார். “அப்பன்கிட்ட யாரு சொல்றது?” என்றார்.

அவரே சொன்னார். மாமனார் கட்டிலை விட்டு எழாமல், “நட்டா ஒரு மொழம் போச்சு” என்றார்.

“நடாட்டி வெள்ளாமையே போகுதுங்கப்பா.”

கிழவர் மொட்டைக் காட்டைப் பார்த்தார். என்னையும் ஒருமுறை பார்த்தார். குழந்தை போனதிலிருந்து அவரும் தளர்ந்து போயிருந்தார். “நட்டுத் தொலைங்க” என்றார்.

ஒரு முழம் உள்ளே தள்ளிக் கிளுவைப் போத்து ஊன்றினோம். பாவாயியின் மாமனார் அங்கிருந்து கைகொட்டிச் சிரித்தார். சிரித்துவிட்டுப் போகட்டும்.

பச்சை ஏறியது

கிளுவை என்ன, நான் பார்த்துக்கொண்டிருப்பதற்காக வேகமாகவா வளரும்? முதல் மழைக்குத் துளிர். அதில் எறும்பு ஊர்ந்தது. அடுத்த மழைக்கு இடுப்பு உயரம். அடியில் புல் பிடித்தது, புல்லுக்குள் தத்துப்பூச்சி வந்தது. காலையில் பனி கோத்த சிலந்தி வலை தெரிந்த அன்றைக்கு நான் சின்னப் பிள்ளை மாதிரிக் குதித்தேன். பிறகு ஒரு தையல்சிட்டு. அப்புறம் தவிட்டுக்குருவிகள் வந்தன, பழைய கூட்டமோ புதுக் கூட்டமோ, சண்டை மட்டும் அதே சண்டை.

வேலி வளர்ந்து ரெண்டு கட்டிலும் கண்ணுக்கு மறைந்த ஒரு மத்தியானம், அரிவாளை எடுத்துக்கொண்டு வேலியோரம் போய் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு எதைப் பேசுவது? இன்றைக்கு என்ன ஆக்கினேன் என்றா?

அந்தப்பக்கம் வளையல் சத்தம் கேட்டது. புல் அறுபடும் சத்தம். அதுவும் நின்றது.

“புள்ள.”

“அக்கா.”

“எத்தனையோ நாளா ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேன்.” குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. “நீங்க சாமி, சாமின்னுதான் கூப்புடுவீங்க. அதுதான் எங்காதுல உழும். என்ற கையில தூக்கியிருக்கேன், பேரு தெரியலை. கொழந்தைக்கு என்ன பேரு புள்ள வெச்சிருந்தீங்க?”

குழந்தை போன நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரை எடுப்பதில்லை. எடுத்தால் நான் உடைந்துவிடுவேன் என்று அவர்களுக்குப் பயம். எனக்கே அது மறந்துவிடுமோ என்று பயம்.

“வள்ளிங்கக்கா” என்றேன்.

“வள்ளி” என்றாள் பாவாயி. பிறகு, தன் காட்டில் தூரத்தில் விளையாடும் பிள்ளையைச் சோறு தின்ன அழைப்பது போல, கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள்: “வள்ளீ... ஏ வள்ளீ... ஊட்டுக்கு வா சாமி.”

நான் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அந்தப்பக்கம் அவளும் அழுதாள். வேலி இருந்ததால் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.